ஏழுக்கு நான்கு: மனிதரைப் பங்கிட்ட 1964

நாட்டின் வரலாற்றை ஆண்டுவாரியாகத் தொகுத்து எழுதுவோர் 1964ஆம் ஆண்டுக்கு வரும்போது அவர்களுடைய பேனா சுறுசுறுப்படைகிறது. மே மாதம் 27ஆம் நாள் பாரதப் பிரதமர் நேரு மறைந்தார். ஜூன் மாதத்தில் கொழும்பிலே சிறிமாவோ அம்மையாரின் கட்சியும் லங்கா சமசமாஜக் கட்சியும் கைகோத்துக் கூட்டரசாங்கம் அமைத்தன, கலாநிதி என். எம். பெரேரா நிதி மந்திரியானார். டிசெம்பர் 3ஆம் நாள் சி. பி. டி சில்வாவும் அவரைச் சேர்ந்தோரும் எதிரணிக்குத் தாவ, சிம்மாசனப் பிரசங்கத்தின் மீதான வாக்கெடுப்பில் 74க்கு 73 என்று ஒரே ஒரு வாக்கினால் அந்த அரசாங்கம் கவிழ்ந்தது. டிசெம்பர் 22ஆம் நாள் இரவு எழுந்த சூறாவளி தனுஷ்கோடியைக் கடலுக்குள் இழுத்துச் சென்றது.

இவற்றுக்கெல்லாம் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்கும் ஆசிரியர்கள் ஒக்டோபர் 30ஆம் நாளைப்பற்றி அரை வரி எழுதுகின்றனர்: “சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் புதுடில்லியிலே கைச்சாத்தாகியது.” அந்த அரை வரிக்குள்ளே 9 இலட்சத்து 75 ஆயிரம் மனிதர் அடைபட்டுக் கிடக்கின்றனர். அவர்களை வெளியே எடுத்து வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பழங்கணக்கைப் புரட்டுவதில் நமக்கு இன்பம் ஏதுமில்லை; அந்தக் கணக்கு இன்னும் தீர்க்கப்படவில்லை என்பதனாலேயே அதைப் புரட்டுகிறோம்.

ஒப்பந்தத்தின் கணக்கு

ஒப்பந்தம் சொன்னது இதுதான். நாடற்றவர் என்று எழுதப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை அவர்தம் இயற்கைப் பெருக்கத்தோடு இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை அளிக்கும். எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் பேசப்படும். காரியம் 15 ஆண்டுகளில் முடியவேண்டும். இந்தியா 7 பேரை எடுத்தால் இலங்கை 4 பேருக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும். போகிறவர் தம் சேமலாப நிதியையும் சேவைக் காலப் பணத்தையும் கொண்டுபோகலாம். அந்தச் சலுகை 4,000 ரூபாவுக்குக் குறையாது.

உழவர் பெருமக்களே, சந்தையிலே மாடு பிடிக்கும்போதுகூடத் தாயையும் கன்றையும் பிரிக்கலாமா என்று ஒரு கணம் தயங்குவீர்கள். டில்லி மேசையிலே அந்தத் தயக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. ஒரே லயத்தில், ஒரே கூரையின்கீழ் பிறந்த அண்ணன் ஏழிலும் தம்பி நான்கிலும் விழலாம் என்பதுபற்றி அந்த ஒப்பந்தத்துக்குக் கவலையில்லை. பேசியவர்கள் இரண்டு பிரதம மந்திரிகள். பேசப்பட்டவர்கள் தோட்டத் தொழிலாளர். பேசப்பட்டவருடைய பிரதிநிதி ஒருவருக்கும் அந்த மேசையில் நாற்காலி இருக்கவில்லை.

சட்டம் பயின்றோர்க்கு ஒரு வார்த்தை. ஒரு வேலிச் சண்டையில்கூடப் பாதிக்கப்படுகிறவனைக் கேளாமல் தீர்ப்பெழுதிய நீதவானின் கட்டளை மேன்முறையீட்டில் நிற்காது. மறுதரப்பையும் கேள் என்பது நாம் கற்ற முதற்பாடம். ஏறத்தாழ பத்து இலட்சம் பேரின் வாழ்வை எழுதிய கட்டளை அந்தப் பாடத்தை மீறியே எழுதப்பட்டது. அதற்கு மேன்முறையீட்டு மன்றமும் இருக்கவில்லை.

நாடற்றவரானது எவ்வாறு?

இவர்கள் நாடற்றவராகப் பிறக்கவில்லை. சட்டத்தினால் நாடற்றவராக ஆக்கப்பட்டவர்கள். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத்து மக்கள் வாக்களித்தனர். இலங்கை இந்தியக் காங்கிரஸின் உறுப்பினர் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். நமது தலவாக்கலைத் தொகுதியிலிருந்து சி. வி. வேலுப்பிள்ளை சென்றார். நுவரெலியாவிலிருந்து சௌ. தொண்டமான் சென்றார். இடதுசாரிகள் பலரின் வெற்றிக்கும் தோட்ட வாக்குகள் துணை நின்றன. அதுதான் குற்றமாயிற்று.

மறு ஆண்டு பெப்ரவரியில் சுதந்திரம் வந்தது. அவ்வாண்டு முடியுமுன்னரே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. நாட்டிலே பிறந்தால் மட்டும் போதாது. தந்தை இந்நாட்டிலே பிறந்தவர் என்று காட்டு, அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டு என்றது அது. பிறப்புப் பதிவேடு துரையின் அலுமாரியில் இருந்த காலத்திலே பிறந்த கொழுந்தெடுப்பவள் எந்தப் பத்திரத்தைக் காட்டுவாள்? இன்று அதிகாரத்திலிருக்கும் கனவான்களிடம் அவர்தம் பூட்டனின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைக் கேட்டால் எத்தனை பேர் கொண்டுவருவார்கள்?

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு சிறு வாசலைத் திறந்தது. அந்த வாசலிலே எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் நின்றனர். உள்ளே விடப்பட்டவர் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம். அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமையையும் பறித்தது. கோடாக்கன் பிள்ளை என்பவர் தம் பெயர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டதை எதிர்த்து வழக்காடினார். சிறுபான்மையினருக்குக் காப்பென்று சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவைப் புகழ்ந்தார்களே, அந்தக் காப்பு 1953இல் லண்டன் கோமறைக் கழகத்திலே உதவவில்லை. சட்டத்தின் எழுத்திலே இனப்பெயர் இல்லையாம். ஆகவே இனப்பாகுபாடும் இல்லையாம்! இனத்தின் பெயரைச் சொல்லாமலே இனத்தை வெட்டுகிற கத்தி எப்படிச் செய்வது என்று அன்று நாடு கற்றுக்கொண்டது.

ஆகவே 1964 திடீரென்று பெய்த மழையன்று. 1948இல் விதைத்ததை 1964இல் அறுத்தார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பாராளுமன்றத்திலே எதிர்த்து நின்ற சமசமாஜத் தோழர்கள், ஒப்பந்தம் கைச்சாத்தான வேளையில் அமைச்சரவையிலே வீற்றிருந்தனர் என்பதையும் வரலாறு குறித்து வைத்துள்ளது. தொழிலாளியின் வாக்கு இருந்தபோது தொழிலாளியின் தோழமையும் இருந்தது.

மக்கள் என்ன சொன்னார்கள்?

“ஒப்பந்தம் ஒரு சிக்கலைத் தீர்த்தது, இரு நாடும் கைவிட்டிருந்தால் அவர்கள் நிலை என்னவாகியிருக்கும்?” என்று வாதிடுவோர் உளர். சிக்கலை உண்டாக்கியவர் யார் என்ற கேள்வியை ஒருபுறம் வைத்து, அவர்களுடைய வாதத்தையே எடுத்துக்கொள்வோம். சிக்கல் தீர்ந்ததா?

1967ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தினால் ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தத் தொடங்கி விண்ணப்பங்கள் கோரப்பட்டன. 1970ஆம் ஆண்டு ஏப்ரலில் கெடு முடிந்தபோது, இந்தியப் பிரஜாவுரிமை கேட்டவர் சுமார் நான்கு இலட்சம் பேர். இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டவரோ ஆறு இலட்சத்துக்கும் மேல். இந்த இரண்டு எண்களையும் ஒப்பந்தத்தின் எண்களோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். 3 இலட்சம் பேர் இங்கே இருக்கலாம் என்றது டில்லி. அதன் இரட்டிப்பான தொகையினர் இதுவே எங்கள் ஊர் என்று கையெழுத்திட்டனர், கைநாட்டும் வைத்தனர். 1948க்குப் பின் இந்த மக்களிடம் நடத்தப்பட்ட ஒரே பொதுசன வாக்கெடுப்பு என்று இதனைச் சொல்லலாம். அதன் முடிவை எவரும் மதிக்கவில்லை.

எஞ்சிய ஒன்றரை இலட்சத்தை 1974இல் சிறிமாவோ அம்மையாரும் இந்திரா அம்மையாரும் ஆளுக்கு 75 ஆயிரமாகப் பாதி பிரித்தனர். அப்பமும் பாதி, ஆளும் பாதி! பதினைந்து ஆண்டு கடந்தும் காரியம் முடியவில்லை. 1984இல் யுத்தத்தின் காரணமாகக் கப்பல் நின்றது. 1986, 1988, 2003 என்று மூன்று சட்டங்கள் வந்த பின்னரே நாடற்றவர் என்ற பெயர் அழிந்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தை எந்த எதிர்ப்புமின்றிப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. அவ்வளவு எளிதாகச் செய்யக்கூடியதைச் செய்ய 55 ஆண்டுகள் ஏன் வேண்டியிருந்தன? தலைமுறை இரண்டு கடந்துவிட்டதே, அந்தக் காலத்துக்கு வட்டி கட்டுவோர் யார்?

போனவர் கதை

மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் போயினர். தலவாக்கலை, ஹட்டன், நானுஓயா நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச்சென்ற ரயிலுக்கு நம் மக்கள் “அழுகைக் கோச்சி” என்று பெயரிட்டனர். விரும்பிப் போனவரும் உண்டு, அதை மறுக்கமாட்டோம். 1970களின் தொடக்கத்திலே தோட்டங்களில் பட்டினி வந்து மக்கள் செத்து விழுந்தபோது, இங்கே சாவதிலும் அங்கே பிழைப்பது மேல் என்று பத்திரம் எடுத்தவர் பலர். பசி துரத்த ஓடுகிறவனை விருப்பத்தோடு பயணம் போகிறான் என்று எழுதுவது எழுத்துக்கு அழகன்று.

1964ஆம் ஆண்டு இன்னொரு கொடுமையையும் செய்தது. ஒக்டோபரில் ஒப்பந்தம் எழுதினார்கள். டிசெம்பரில் தனுஷ்கோடித் துறைமுகத்தைக் கடல் எடுத்துக்கொண்டது. பாட்டனும் பாட்டியும் எந்தத் துறை வழியாக வந்தார்களோ அந்தத் துறை போனது. பின்னர் இராமேஸ்வரமே கரையாயிற்று. கரையேறியவர்களுக்கு மண்டபம் முகாம். பிறகு நீலகிரியிலே கூடலூர், கோத்தகிரி, குன்னூர். தமிழ்நாட்டு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம் சிலருக்கு வேலை தந்தது. வேறு சிலர் கொடைக்கானல் மலைகளிலே கொத்தடிமைகளாகச் சிக்கினர். இங்கே “இந்தியாக்காரன்” என்று ஏசப்பட்டவன் அங்கே “சிலோன்காரன்” என்று அழைக்கப்பட்டான். அவனைத் தம்மவன் என்று சொன்ன கரை எது?

கலவரங்களின்போது அகதியாக ஓடிய மலையக மக்களில் பலர் தமிழ்நாட்டு முகாம்களிலேயே வயோதிபமெய்தினர். 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அத்தகையோர் சிலரின் வழக்கிலே, இவர்கள் இந்திய வம்சாவளியினர் என்பதைக் கருத்திற்கொண்டு பிரஜாவுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு கூறியது. அதே ஆண்டு டிசெம்பரில் டில்லிப் பாராளுமன்றம் நிறைவேற்றிய குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் மூன்று அயல்நாட்டு அகதிகளுக்கு இடமிருந்தது, இலங்கைக்கு இடமில்லை. 1964இல் “எங்கள் வம்சம்” என்று எண்ணிக்கையாக ஏற்றவர்கள், 2019இல் மனிதராக வந்து நின்றபோது எந்த வம்சம் என்று கேட்டார்கள்.

வேறோர் கண்டத்தின் பாடம்

இது இலங்கைக்கு மட்டுமே உரிய நோயன்று. பசிபிக் தீவுகளிலிருந்து அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட கூலி ஒப்பந்தங்களின் பேரில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரும்புத் தோட்டங்களுக்கு ஆட்களைக் கொண்டுபோனார்கள். அந்த நாட்டின் ஒரே ஓர் ஆண்டை எடுத்துப் பாருங்கள். 1901 ஜனவரி முதலாம் நாள் ஆறு குடியேற்றங்கள் ஒன்றுசேர்ந்து பொதுநலவாய அரசு பிறந்தது. கொடி, பாராளுமன்றம், கொண்டாட்டம் எல்லாம் உண்டு. அந்த முதலாம் ஆண்டு முடியுமுன்னர் அந்தப் பாராளுமன்றம் இரண்டு சட்டங்களை இயற்றியது. ஒன்று வெள்ளையரல்லாதார் உள்ளே வருவதைத் தடுத்தது. மற்றையது கரும்புத் தோட்டத்துத் தீவு மக்களை வெளியேற்றுவதற்கு வழிசெய்தது. 1906ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து பல்லாயிரவரைக் கப்பலேற்றினார்கள்.

புதிய தேசம் பிறந்தவுடன் அதன் கை முதலில் யார்மீது விழுகிறது என்பதைக் கவனியுங்கள். கரும்பை வெட்டியவன்மீது அங்கே விழுந்தது. கொழுந்தைப் பறித்தவள்மீது இங்கே விழுந்தது. ஆனால் அங்கே 1994ஆம் ஆண்டில், எஞ்சி வாழ்ந்த தீவு மக்களின் வழித்தோன்றல்களைத் தனியொரு சமூகமாக அரசாங்கம் அங்கீகரித்து, இழைத்த அநீதியையும் ஏற்றுக்கொண்டது. நம் நாட்டிலே 1964பற்றி அப்படியொரு சொல்லை எந்தப் பிரதமர் சொன்னார்? எந்த ஜனாதிபதி சொன்னார்?

இன்றைய ஏழும் நான்கும்

“பிரஜாவுரிமைதான் கிடைத்துவிட்டதே, வாக்கு இருக்கிறது, மந்திரிகளும் வந்தார்கள், இன்னும் என்ன குறை?” என்போருக்கு நம் விடை ஒரே சொல்: காணி.

1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தினால் வெள்ளையர் கண்டிச் சீமையின் நிலத்தைக் கைப்பற்றினர். கண்டிக் குடியானவருக்கு நேர்ந்த அந்த அநீதியை நாம் மறைக்கமாட்டோம். அதனை இழைத்தவன் துரை, கூலிக்காரன் அல்லன். பின்னர் 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தினால் தோட்டங்கள் அரசுடைமையாயின. காட்டை வெட்டித் தோட்டமாக்கிய குடும்பங்களுக்கு அதிலே ஒரு முழம் நிலமும் வரவில்லை. 1977 மே மாதம் 11ஆம் நாள், நுவரெலியா மாவட்டத் தோட்டங்களில் 7,000 ஏக்கர் காணியை வெளியாருக்குப் பிரித்துக் கொடுக்கும் முயற்சியை எதிர்த்து மக்கள் எழுந்தபோது, நமக்கு அண்மையிலுள்ள டெவன் தோட்டத்திலே சிவனு லெட்சுமணன் பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியானார். அவர் பிரஜாவுரிமைப் பத்திரத்துக்காகச் சாகவில்லை. காலின்கீழ் மண் இல்லாவிட்டால் பத்திரம் எதற்கு என்ற உண்மைக்காகச் செத்தார்.

1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் சென்றன. கம்பனிக்கு 53 ஆண்டுக் குத்தகை உண்டு. எழுத்தில் உண்டு, முத்திரையோடு உண்டு. 200 ஆண்டாக அந்த மலையிலே பிறந்து அந்த மலையிலே புதைக்கப்படும் குடும்பத்துக்கு அதன் காம்பராவுக்கு ஒரு துண்டு எழுத்துண்டா? நம் ஊரை அணைத்தோடும் ஆற்றை மறித்து மேல் கொத்மலை மின்திட்டம் எழுந்தது. 2012ஆம் ஆண்டிலிருந்து 150 மெகாவாட் மின்சாரம் அளிக்கும் திறன் அதற்குண்டு. ஆறு நாட்டுக்கு, மின்சாரம் நாட்டுக்கு, தேயிலையின் அந்நியச் செலாவணி நாட்டுக்கு. லயத்தின் தகரக் கூரை மட்டும் தொழிலாளிக்கு. அதுவும் தோட்டம் சொல்லும்வரை.

கொடுத்த இடங்களிலும் 7 பேர்ச் என்று அளந்தார்கள். தனி வீடு கட்டிக் குடியேறியவர்களிலும் பலர், வங்கி ஏற்கும் முறையான உறுதிக்காகக் காத்திருக்கின்றனர். உழவரே, நீங்கள் ஒரு பரப்புக் காணிக்கு உறுதி முடிக்காமல் வேலி போடுவீர்களா? உறுதியில்லாத வளவிலே தென்னம்பிள்ளை வைப்பீர்களா? பிள்ளையின் படிப்புக்கு அந்தக் காணியை ஈடுவைக்க முடியாதென்றால் அதனைச் சொத்து என்பீர்களா? உங்களுக்குப் பொறுக்காத ஒன்றை மலையகத்துத் தமிழன் மட்டும் பொறுத்துக்கொள்ளவேண்டுமோ?

1963ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் நூற்றுக்கு 10.6 ஆக இருந்த இந்த மக்கள் 1981இல் 5.5 ஆயினர். பலர் வேறு பெயரில் பதிந்தது ஒருபுறமிருக்க, ஒப்பந்தம் வெட்டிய வெட்டு அதிலே தெரிகிறது. 1947இல் எழுவரை அனுப்பிய மக்கள், 1977இல் நுவரெலியா–மஸ்கெலியாவிலிருந்து ஒருவரை அனுப்புவதற்கு முப்பது ஆண்டுகள் காத்திருந்தனர். அந்த முப்பது ஆண்டுகளிலேதான் காணிச் சீர்திருத்தம் வந்தது, தோட்டங்கள் கைமாறின. நிலம் பங்கிடப்பட்ட நேரத்தில் மலையகத்துக்கு வாக்கில்லை. இன்றைய நிலமின்மைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. ஆதலால் 1964 முடிந்த கதையென்று சொல்லுகிறவர் வேரை விட்டு இலையைப் பார்க்கிறவர்.

நாம் கேட்பது

நாம் இரங்கற்பா கேட்கவில்லை. நினைவுத் தூணும் கேட்கவில்லை. முதலாவது, தோட்டத்தில் வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நிலம் அளந்து, நில அளவைப் படத்தோடு, கணவன் மனைவி இருவர் பெயரிலும் மீளப்பெற முடியாத காணி உறுதி வழங்கப்படவேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கமும் முகவரியும் வேண்டும்; கடிதம் தோட்டக் கந்தோரிலே கிடந்து பழுதாகும் நிலை ஒழியவேண்டும். மூன்றாவது, மண்சரிவு, மின்திட்டம், கம்பனியின் வசதி என்று எந்தக் காரணம் சொன்னாலும், அங்குள்ள மக்களைக் கேளாமல் அவர்களை இடம்பெயர்க்கும் எந்த ஏற்பாடும் கூடாது. மீண்டும் ஒரு முறை நம்மை எண்ணிக்கையாக்க ஒப்பமாட்டோம். நான்காவது, பள்ளிச் சரித்திரப் புத்தகத்தில் அந்த அரை வரி ஒரு பாடமாகவேண்டும். சிங்களப் பிள்ளையும் அதனைப் படிக்கவேண்டும். தமிழ்ப் பிள்ளையும் படிக்கவேண்டும்.

இவற்றை அரசாங்கத்திடம் மட்டும் கேட்டு அமைவோமல்லோம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கொழும்பிலும் வாழும் சட்டத்தரணிகளே, நில அளவையாளர்களே, நொத்தாரிசுகளே, உங்களையும் கேட்கிறோம். 1948இல் மலையகத்தான் வாக்கிழந்தபோது அது நம் வீட்டுத் தீயன்று என்று இருந்தவர் நம்மில் உண்டு. எட்டே ஆண்டில், 1956இல், மொழிச் சட்டமாக அந்தத் தீ யார் வீட்டுக்கு வந்தது என்பதை நாம் நினைவூட்டவேண்டியதில்லை. தோட்டத்துக்கு ஒரு சட்ட ஆலோசனை முகாம், மாதத்துக்கு ஒரு நாள் என்று நீங்கள் முன்வந்தால், குடியிருப்புச் சான்றுகளையும் பிறப்புப் பத்திரங்களையும் ஒழுங்குசெய்து, உறுதிக்கான கோரிக்கையை வீடு வீடாக எழுத்திலே வைக்கலாம். அடுத்த முறை எவரேனும் மேசையிலே அமர்ந்து மலையகத்தைப் பங்கிடப் புறப்பட்டால், அவர் முன்னே பெயரும் இலக்கமும் எல்லையும் எழுதிய காணி உறுதிகள் கிடக்கட்டும். உறுதியுள்ளவனை ஏழுக்கு நான்கு என்று பிரிக்க எந்தப் பிரதம மந்திரிக்கும் துணிவு வராது.